சாவி பெட்டிக்குள்ள, பெட்டி பூட்டியிருக்கு: லினக்ஸ் கண் விழிக்கும் கதை

டிஸ்கி: இது பொட்டி தட்டுற சமாச்சாரம். சினிமா விமர்சனம் தேடி வந்த மக்கள் மன்னிக்கவும். ஆனா நடுவுல எங்க அப்பா வருவார், அதனால முழுக்கப் போரடிக்காதுன்னு நம்புறேன் :-)

ராத்திரி ஒன்பதே முக்கால். அன்னிக்குப் புடுங்கின ஆணியெல்லாம் போதும்னு தட்டு முன்னாடி உக்கார்ற நேரம். கோவில்பட்டியிலிருந்து அப்பா போன்.

"தம்பி, நீ சொன்ன மாதிரியே யு.எஸ்.பி.னு இருக்குறதைத் தேர்ந்தெடுத்தேன்ப்பா. கொஞ்ச நேரம் ஓடுச்சு. இப்ப கருப்பா வந்து நின்னுக்கிச்சு."

"கடைசி ரெண்டு வரி என்ன எழுதியிருக்குன்னு படிங்கப்பா."

"இரு, கண்ணாடியப் போட்டுக்கறேன். பி, யூ, எஸ், ஒய்... பிஸி. பிஸிபாக்ஸ்னு இருக்கு. அதுக்குக் கீழ அடைப்புக்குறிக்குள்ள ஐ, என், ஐ, டி, ஆர், ஏ, எம்..."

"போதும்ப்பா, புரிஞ்சிருச்சு."

புரிஞ்சதுல பசி போயிடுச்சு. அப்பாவுக்குச் சின்னதா ஒரு பெயிண்ட் கடை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கடையில இருந்த பழைய லேப்டாப்புல டெபியன் போட்டுக் கொடுத்தது நான்தான். கணக்கு முழுக்க லிப்ரே ஆபீஸ் ஷீட்டுல. அன்னிக்கு மத்தியானம் லேப்டாப்போட மதர்போர்டு செத்துப் போச்சு. சர்வீஸ் கடைத் தம்பி டிஸ்க்கை மட்டும் கழட்டி ஒரு யு.எஸ்.பி. டப்பாவுல போட்டுக் கொடுத்துட்டு, "இதை எந்தக் கம்ப்யூட்டர்ல சொருகினாலும் ஓடும் சார்"னு சொல்லிட்டுப் போயிட்டான். பக்கத்து மருந்துக் கடை அண்ணாச்சி தன்னோட பழைய லேப்டாப்பைக் கொடுத்தார். மறுநாள் ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் பண்ணக் கடைசி நாள். பேக்கப் இல்லையான்னு கேக்காதீங்க. இருந்தது, போன மாசம் வரைக்கும்.

அப்பா படிச்சுச் சொன்ன அந்த இடம் எது? லினக்ஸ் பொட்டி எழுந்திருக்கும்போது ஒரு சில நொடிகள் மட்டும் தங்கிவிட்டுப் போகிற ஒரு திண்ணை அது. வழக்கமா யாரும் அதைப் பார்க்கறதில்லை. வீட்டுக் கதவு திறக்காதபோதுதான் திண்ணையிலயே உக்கார வேண்டியிருக்கும். அந்தத் திண்ணைக்கு ஒரு முப்பத்தஞ்சு வருஷ வரலாறு இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல சிக்கல் என்னன்னு சொல்லிடறேன். பயாஸ் டிஸ்க்கோட ஆரம்பத்தைப் படிச்சு கிரப் என்கிற நிரலை எழுப்புது. கிரப், பயாஸோட உதவியாலயே டிஸ்க்கிலிருந்து கெர்னலைப் படிச்சு நினைவகத்துல வைக்குது. அதுக்கப்புறம் கெர்னல் பொறுப்பேத்துக்குது. பொறுப்பேத்துக்கிட்ட கெர்னல் பயாஸ்கிட்ட உதவி கேக்காது. டிஸ்க்கைத் தானே படிக்கணும். படிக்க அந்த டிஸ்க்குக்கான ட்ரைவர் வேணும். ட்ரைவர் எங்க இருக்கு? அதே டிஸ்க்குல! சாவியைப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டின கதை. ஒரு நிமிஷம் முன்னாடி கிரப் படிச்ச அதே டிஸ்க், இப்ப கெர்னல் கண்ணுக்கு இல்லவே இல்லை. அன்னிக்கு ராத்திரி அண்ணாச்சி லேப்டாப்புல நடந்தது இதுதான்.

லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில இருந்து 1991-ல் வெளியிட்ட முதல் கெர்னல்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அவர்கிட்ட இருந்த மாதிரியான பொட்டி, அதுல இருந்த மாதிரியான டிஸ்க், அதுக்கான ட்ரைவர் கெர்னலுக்குள்ளேயே. வேற டிஸ்க் வெச்சிருந்தா? கெர்னல் கோப்போட 508-ஆவது பைட்டுல ரூட் டிஸ்க் எதுங்கறதுக்கு ரெண்டு பைட் எண் ஒண்ணு இருக்கும். அதைத் திருத்திக்க வேண்டியதுதான். பிற்பாடு அதுக்குன்னே ஆர்டெவ்னு ஒரு குட்டி நிரல் வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, கணினி எங்கேருந்து எழுந்திருக்கணும்ங்கற மொத்த விஷயமும் ரெண்டு பைட்டுல முடிஞ்சுடுச்சு. இதைவிட எளிமையா அதுக்கப்புறம் ஒருத்தரும் பண்ணலை.

அப்போ வழக்கம் ரெண்டு ஃப்ளாப்பி. பூட் ஃப்ளாப்பியில கெர்னல், ரூட் ஃப்ளாப்பியில கோப்பு முறைமை. முதலாவதைப் போட்டா கெர்னல் ஏறும். ஏறினதும், ரூட் ஃப்ளாப்பியைப் போட்டு என்டர் தட்டுன்னு சொல்லி நிக்கும். மனுஷன் கையால செய்யற அந்த மாத்தல் வேலையைத்தான் பின்னாடி நிரல்கள் செய்ய ஆரம்பிச்சன.

1992-ல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் லைலோவை எழுதினார். கெர்னலை ஃப்ளாப்பி இல்லாம ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே ஏத்திவிடற நிரல். எழுந்திருக்கும்போது எல், ஐ, எல், ஓன்னு தன் பேரையே ஒவ்வொரு எழுத்தா எழுதும். ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் ஒரு எழுத்து. பாதியில செத்தா எத்தனை எழுத்து வந்திருக்குன்னு பாத்தே எங்க கோளாறுன்னு சொல்லிடலாம். எல்-லும் ஐ-யும் மட்டும் வந்து நின்னா, ரெண்டாம் கட்டம் ஏறிடுச்சு, ஆனா ஓடலைன்னு அர்த்தம். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். நாலே எழுத்து, படம் இல்லை, சுத்தற வட்டம் இல்லை. அப்பா மாதிரி ஒருத்தர் போன்ல படிச்சுச் சொல்லவும் சுலபம் :-)

அடுத்து வந்ததுதான் நிஜமான சிக்கல். லினக்ஸ் ஒருத்தரோட பொட்டியிலிருந்து ஊருக்கே போக ஆரம்பிச்சது. 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேரை வெளியிட்டார். ஊருல எத்தனை விதமான பொட்டி! ஐ.டி.ஈ. டிஸ்க் வெச்சிருக்கறவர், ஸ்கஸி கார்டு வெச்சிருக்கறவர், அதுலயும் இந்தக் கம்பெனி கார்டு, அந்தக் கம்பெனி கார்டு. எல்லா ட்ரைவரையும் ஒரே கெர்னல்ல அடைச்சா? அந்தக் காலத்துக் கெர்னல் வடிவம் பழைய பி.சி.யோட கீழ் நினைவகத்துக்குள்ள அடங்கணும், சுருக்கின கெர்னல் அரை எம்பிக்கு மேல போகக் கூடாது. அது போக, பழைய ஐ.எஸ்.ஏ. கார்டுகளைக் கண்டுபிடிக்க ட்ரைவர் போய் முகவரி முகவரியாத் தட்டிப் பார்க்கணும். தப்பான கதவைத் தட்டினா உள்ள இருக்கற வேற கார்டு மயங்கி விழுந்து, மொத்தப் பொட்டியும் உறைஞ்சு போகும். அதனால ஸ்லாக்வேர் என்ன பண்ணுச்சுன்னா, விதவிதமான பூட் ஃப்ளாப்பிகளைக் கொடுத்து, உன் பொட்டிக்கு எது பொருந்துமோ நீயே எடுத்துக்கன்னு சொல்லிடுச்சு. ஐ.டி.ஈ.க்கு ஒண்ணு, ஸ்கஸிக்கு ஒண்ணு, அப்படியே டஜன் கணக்குல.

இந்த ரெண்டு வழியையும் மனசுல வெச்சுக்கங்க. எல்லாத்தையும் அடைச்ச ஒண்ணு, இல்லை ஆளுக்கொண்ணு. முப்பது வருஷமா இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஊஞ்சலாட்டம்.

1995-ல் வந்த 1.2 கெர்னல்ல மாட்யூல்கள் வந்தாச்சு. ட்ரைவரைத் தனிக் கோப்பா வெச்சுக்கிட்டு வேணுங்கறப்போ ஏத்திக்கலாம். அருமை. ஆனா அந்தக் கோப்பு இருக்கறது டிஸ்க்குல. சாவி பெட்டிக்குள்ள!

இதை அவிழ்த்தது ஆல்மெஸ்பெர்கரும் ஹான்ஸ் லெர்மனும். 1996-ல் அவங்க கொண்டுவந்ததுதான் இனிட்ஆர்டி. (என்னைவிட மூத்தது. அண்ணன்னு கூப்பிடலாம்.) லைலோ கெர்னலைப் படிக்கறப்பவே கூடவே இன்னொரு கோப்பையும் நினைவகத்துல கொண்டுவந்து வெச்சிடும். அந்தக் கோப்பு, சுருக்கி வெச்ச ஒரு குட்டி டிஸ்க்கோட அச்சு அசலான நகல். கெர்னல் அதை விரிச்சு நினைவகத்துலயே ஒரு பொய் டிஸ்க்கா மாத்தி, அதையே ரூட்டா ஏத்துக்கிட்டு, அதுக்குள்ள லினக்ஸ்ஆர்சின்னு ஒரு நிரலைத் தேடி ஓட்டும். அந்த நிரல் பொருத்தமான ட்ரைவர் மாட்யூலை ஏத்தும். நிஜ டிஸ்க்கோட எண் என்னன்னு ப்ராக் கோப்பு முறைமைக்குள்ள ஒரு இடத்துல எழுதிட்டு முடிஞ்சுக்கும். கெர்னல் அந்த எண்ணைப் பார்த்து நிஜ டிஸ்க்கை மவுண்ட் பண்ணும். முதல் ஐ.டி.ஈ. டிஸ்க்கோட முதல் பாகம்னா எண் 0301. மறுபடி ரெண்டு பைட்தான், ஆனா இப்ப அதை முடிவு பண்றது ஒரு நிரல்.

ஒரே கெர்னல் ஊருக்கெல்லாம். டஜன் ஃப்ளாப்பிகளுக்கு விடுதலை. ரெட் ஹேட் மாதிரியான வினியோகங்கள் இதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டன. அந்தக் குட்டி டிஸ்க்குக்குள்ள நிஜக் கட்டளைகளை வெச்சா இடம் பத்தாதே, அதுக்கும் ஒரு வழி ஏற்கெனவே தயாரா இருந்தது. புரூஸ் பெரென்ஸ் டெபியனோட நிறுவல் ஃப்ளாப்பிக்காக 1990-களின் நடுவுல எழுதின பிஸிபாக்ஸ். ஒரே நிரல், கூப்பிடற பேரைப் பொறுத்து ஒரு நேரம் எல்எஸ், ஒரு நேரம் மவுண்ட், ஒரு நேரம் ஷெல். 1.44 எம்பி ஃப்ளாப்பியில லினக்ஸை அடைக்கப் பொறந்த அந்த நிரல், இன்னிக்கு 64 ஜிபி ரேம் வெச்ச சர்வரும் எழ முடியாம விழுந்தா முதல்ல வந்து கை கொடுக்குது. எங்கப்பா எழுத்துக் கூட்டிப் படிச்சது அந்தப் பேரைத்தான்.

இனிட்ஆர்டி நல்ல யோசனைதான், ஆனா பொய் டிஸ்க்குங்கறதால டிஸ்க்கோட பொய்யான தொல்லைகளும் கூடவே வந்தன. டிஸ்க்னா நிலையான அளவு வேணும். வழக்கமா 4096 கேபி. பத்தலைன்னா கெர்னலுக்குத் தனியாச் சொல்லணும், மிச்சமிருந்தா வீண். டிஸ்க்னா அதுல ஒரு கோப்பு முறைமை வேணும், அதோட ட்ரைவர் கெர்னலுக்குள்ளயே இருந்தாகணும். இதுல உச்சக்கட்டக் கூத்து என்னன்னா, லினக்ஸ் டிஸ்க்கிலிருந்து படிக்கறதையெல்லாம் நினைவகத்துல ஒரு நகல் வெச்சுக்கும், வேகத்துக்காக. டிஸ்க்கே நினைவகத்துலதான் இருக்கு! அங்கிருந்து இங்க நகல். ஒரே விஷயம் ரெண்டு தடவை. எட்டு எம்பி, பதினாறு எம்பி ரேம் இருந்த காலத்துல இது சும்மா விடற விஷயமில்லை.

குட்டி டிஸ்க்கிலிருந்து நிஜ டிஸ்க்குக்கு மாறுகிற சடங்கும் கொஞ்சம் விநோதமாத்தான் இருந்தது. முதல் வடிவத்துல லினக்ஸ்ஆர்சி முடிஞ்சதும் கெர்னலே மாத்திவிடும். 2000-ல், 2.4-க்கான வேலைகள் நடந்தப்போ, அதே ஆல்மெஸ்பெர்கர் பிவட் ரூட்னு ஒரு சிஸ்டம் காலைக் கொண்டுவந்தார். பழைய ரூட்டைத் தூக்கிப் புது ரூட்டுக்குக் கீழ ஒரு மூலையில வெச்சிடு, அப்புறம் சாவகாசமாக் கழட்டிக்கோ. வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே வீட்டைத் தூக்கி இன்னொரு வீட்டோட பரண்ல வைக்கற மாதிரி. இந்தத் துறைக்கு ரெண்டு முக்கியமான திருப்பங்களையும் கொடுத்தவர் ஒருத்தரேங்கறது பலருக்குத் தெரியாது. லைலோன்னு சொன்னாலே பயந்து ஓடற தலைமுறைக்குச் சொல்லி வைக்கறேன்.

இப்ப ஆல் விரோ வர்றார். லினக்ஸோட கோப்பு அமைப்பு அடுக்கையே கையில வெச்சிருக்கற மனுஷர், மென்மையாப் பேசறவர்னு பேரெடுத்தவர் இல்லை :-) 2002-ல் 2.5 கெர்னல் வேலைகளின்போது அவர் வடிவமைப்புல வந்தது இனிட்ராம்எஃப்எஸ். கேள்வி எளிமையானது. நமக்கு வேண்டியது சில கோப்புகள். அதுக்கு எதுக்கு ஒரு பொய் டிஸ்க்? கோப்புகளை ஒரு மூட்டையாக் கட்டிக் கொடு, கெர்னல் அதைத் தன் நினைவகத்துல நேரா அவிழ்த்துக்கட்டும்.

மூட்டை கட்ட எந்த வடிவம்? எல்லாருக்கும் தெரிஞ்ச டார் இருக்கேன்னு தோணும். டார் வேண்டாம்னு விட்டுட்டு சிபிஐஓன்னு யாரும் சீண்டாத ஒரு பழைய யூனிக்ஸ் வடிவத்தை எடுத்தாங்க. கெர்னலுக்குள்ள அதை அவிழ்க்கற நிரலைச் சின்னதா, நேரா எழுதிடலாம்ங்கறதுதான் காரணம். அதோட ஒரு மூட்டைக்குப் பின்னால இன்னொரு மூட்டையை ஒட்டினாலும் கெர்னல் வரிசையா அவிழ்த்துக்கும். இந்த ஒட்டு வேலை பத்து வருஷம் கழிச்சு ஒரு நல்ல உபயோகத்துக்கு வந்தது. 2013-ல் வந்த 3.9 கெர்னல்ல, ப்ராசஸரோட மைக்ரோகோடை ரொம்ப சீக்கிரமே ஏத்தறதுக்காக, சுருக்காத ஒரு சிபிஐஓ மூட்டையை முன்னாடி ஒட்டிக்கற வழி வந்துச்சு. வடிவம் எளிமையா இருந்ததால யாரும் எதையும் இடிச்சுக் கட்ட வேண்டியிருக்கலை.

2.6 கெர்னல் 2003 டிசம்பர்ல வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு கெர்னலுக்குள்ளயும் ஒரு மூட்டை கண்டிப்பா உண்டு, நாம எதுவும் கொடுக்கலைன்னாலும். அந்தக் காலி மூட்டையோட அளவு எக்ஸ்86-ல் 134 பைட். நூத்தி முப்பத்தி நாலு! இந்தப் பதிவோட முதல் வரியே அதைவிடப் பெருசு. மாறுகிற சடங்கும் சுருங்கிடுச்சு. இந்த முதல் ரூட்டைக் கழட்டவே முடியாது, அது எப்பவும் அடியில இருக்கும். அதனால உள்ள இருக்கற கோப்புகளையெல்லாம் அழிச்சு நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு, மேல நிஜ டிஸ்க்கை மூடி, நிஜ இனிட்டை ஓட்டிட வேண்டியது. இதுக்கு ஸ்விட்ச் ரூட்னு பேரு. ராப் லேண்ட்லி 2005-ல் கெர்னல் ஆவணத்துக்காக இதையெல்லாம் தெளிவா எழுதி வெச்சார். நான் காலேஜ் மூணாவது வருஷத்துல அதைப் படிச்சுட்டு ராத்திரி தூங்கலை.

தூங்காம என்ன பண்ணினேன்? சொந்தமா ஒண்ணு எழுதினேன். மொத்தமே பதினஞ்சு வரி ஷெல். ப்ராக், சிஸ், டெவ் மூணையும் மவுண்ட் பண்ணு. டிஸ்க் வர்ற வரைக்கும் காத்திரு. அதை மவுண்ட் பண்ணு. ஸ்விட்ச் ரூட் சொல்லிட்டு ஒதுங்கிக்கோ. கூட ஒரு பிஸிபாக்ஸ். அவ்வளவுதான். அது ஓடி, ஹாஸ்டல் ரூம்ல லாகின் திரை வந்தப்போ கிடைச்ச சந்தோஷம் பின்னாடி எந்த அப்ரைசல்லயும் கிடைக்கலை.

பதினஞ்சு வரியில முடியற வேலை, வினியோகங்கள்ல ஏன் பத்து எம்பி, ஐம்பது எம்பின்னு வீங்கிப் போச்சு?

முதல் காரணம், பேர் நிலையா இல்லாமப் போனது. 2000-களின் நடுவுல டிஸ்க் ட்ரைவர்கள் மாறினப்போ, எச்டிஏன்னு இருந்த டிஸ்க் எஸ்டிஏன்னு ஆச்சு. யு.எஸ்.பி. டிஸ்க் எப்ப கண்ணு முழிக்கும்னு யாருக்கும் தெரியாது. எது முதல்ல எழுந்திருக்குதோ அது எஸ்டிஏ. அதனால பேரை விட்டுட்டு யுயுஐடிங்கற அடையாள எண்ணால தேட ஆரம்பிச்சாங்க. ஆனா கோப்பு முறைமைக்குள்ள எழுதியிருக்கற அந்த எண்ணைக் கெர்னல் தானே தேடாது. பார்ட்டிஷனோட எண்ணை மட்டும்தான் அதுக்குப் படிக்கத் தெரியும். மத்ததெல்லாம் மூட்டைக்குள்ள இருக்கற நிரலோட வேலை. அப்புறம் எல்விஎம். ரெய்டு. பழைய ரெய்டு வடிவத்தைக் கெர்னலே அடையாளம் கண்டுக்கும், புது வடிவத்தை மூட்டையிலிருந்துதான் சேர்க்கணும். டிஸ்க் பூட்டியிருந்தா பாஸ்வேர்டு கேக்கணும். பாஸ்வேர்டு கேக்கக் கீபோர்டு ட்ரைவர் வேணும். அதை அழகாக் கேக்க படம் வேணும். படத்துக்கு எழுத்துரு வேணும்...

இன்னொரு காரணம் யாரும் எதிர்பார்க்காதது. பின், எஸ்பின் அடைவுகள் தனியா, யுஎஸ்ஆர் தனியாங்கற பழக்கம் யூனிக்ஸ்ல 1970-களின் ஆரம்பத்துல வந்தது. முதல் டிஸ்க் நிரம்பிப் போனதால மிச்சத்தை ரெண்டாவது டிஸ்க்குல வெச்சாங்க, அவ்வளவுதான் காரணம். இதையும் லேண்ட்லிதான் 2010-ல் எழுதி எல்லாருக்கும் ஞாபகப்படுத்தினார். பின்னாடி வந்தவங்க அதுக்கு ஒரு தத்துவம் கண்டுபிடிச்சாங்க: எழுந்திருக்கத் தேவையானது பின்-ல, மத்தது யுஎஸ்ஆர்-ல. எழுப்பற வேலையை மூட்டை எடுத்துக்கிட்டப்புறம் அந்தத் தத்துவத்துக்கு வேலை இல்லை. 2012-ல் ஃபெடோரா 17 ரெண்டையும் ஒண்ணாக்கிடுச்சு. ஆக, ரூட் டிஸ்க்குல எளிமை வந்தது, அதோட சுமை திண்ணைக்கு ஏறிடுச்சு. இதுல யாருக்கும் கோபப்பட உரிமையில்லைன்னு நினைக்கறேன், சுமை எங்கேயாவது இருக்கத்தானே வேணும்.

இதுக்கு வேற ஒரு முடிவு வந்திருக்கலாம். எச். பீட்டர் ஆன்வின் 2002-லிருந்தே கேலிப்சின்னு ஒரு குட்டி சி நூலகத்தைக் கட்டிக்கிட்டிருந்தார். கெர்னலுக்குள்ள இருந்த ரூட் தேடற வேலையெல்லாத்தையும் வெளிய எடுத்து, கெர்னலோடவே வர்ற ஒரு சின்ன நிரலா ஆக்கிடறதுதான் கனவு. 2006-ல் அதைக் கெர்னல் மூலத்துலயே சேர்க்கச் சொல்லித் திட்டுகள் வந்தன. சேர்க்கப்படலை. எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு இல்லாததால அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க சமையல். ரெட் ஹேட் நாஷ்னு ஒரு ஷெல் இல்லாத ஷெல்லை வெச்சுக்கிட்டது. உபுண்டுவில 2005-ல் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் வந்து, 2007-ல் டெபியன் எட்ச்சுக்கும் போச்சு. ஃபெடோரா 12-ல், 2009-ல், டிராகட். ஆர்ச்சுக்குத் தனி. எனக்கென்னவோ 2006-ல் நடக்காமப் போனது ஒரு நஷ்டம்னுதான் தோணுது. கெர்னல் பக்கம் இருந்தவங்க பயமும் நியாயமானதுதான், ஒரு முழு சி நூலகத்தை யார் கட்டி மேய்க்கறது?

வீக்கத்தோட விலை என்னன்னு 2016 நவம்பர்ல தெரிஞ்சது. பூட்டின டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டு கேக்கற ஸ்கிரிப்டு மூணு தடவைக்கு மேல விடாது. ஆனா அதைக் கூப்பிடற இன்னொரு ஸ்கிரிப்டு, டிஸ்க் மெதுவா எழுந்திருக்குது போலன்னு நினைச்சு மறுபடி மறுபடி கூப்பிடும். மொத்தம் 93 வாய்ப்பு. அதெல்லாம் தீர்ந்ததும், பாவம் ஏதோ கோளாறுன்னு ரூட் அதிகாரத்தோட ஷெல்லைத் திறந்து கொடுத்துடும். எழுபது நொடி என்டர் விசையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டிருந்தாப் போதும். டெபியன், உபுண்டு வகையறாவுல இருந்தது, ஃபெடோரா பக்கமும் இதே மாதிரி. டிஸ்க்கோட பூட்டு உடையலை, உள்ள இருக்கற தகவல் பத்திரம். ஆனா திண்ணை திறந்த வீடு. தனித்தனியாப் பார்த்தா ரெண்டு ஸ்கிரிப்டும் சரிதான். அடுக்கினதுலதான் ஓட்டை.

ஒரு சின்னத் தமாஷ். பழைய இனிட்ஆர்டி இருக்கே, பொய் டிஸ்க், அது போயிடுச்சுன்னு நினைச்சீங்களா? 2020-ல் அதைப் பயன்படுத்தினா 2021-ல் நீக்கப்படும்னு கெர்னல் எச்சரிக்க ஆரம்பிச்சது. 2021 வந்தது, போனது, அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா அந்த நிரல் அங்கயே இருந்தது. டெபியன்ல மூட்டைக் கோப்போட பேரு இன்னமும் இனிட்ஆர்டிதான், உள்ள இருக்கறது சிபிஐஓ. கடைப் பேரை மாத்தாம ஓனர் மட்டும் மாறின ஹோட்டல் மாதிரி.

சரி, அப்பா லைன்ல காத்துக்கிட்டிருக்கார்.

டெபியன்ல மூட்டை கட்டறப்போ ரெண்டு வழி இருக்கு. மோஸ்ட்னு வெச்சா, ஊருல இருக்கற பெரும்பாலான டிஸ்க் ட்ரைவர்களையும் அடைச்சுக்கும். டெப்னு வெச்சா, இந்தப் பொட்டிக்கு எது வேணுமோ அது மட்டும். தெரியுதா? ஸ்லாக்வேரோட பூட் ஃப்ளாப்பி அலமாரி அப்படியே திரும்பி வந்திருக்கு. டிராகட்லயும் இதே ரெண்டு வழி உண்டு. ஃபெடோரா புத்திசாலித்தனமா வழக்கமான மூட்டையைச் சின்னதாவும், மீட்புக்குன்னு எல்லாம் அடைச்ச ஒரு தடியனைத் தனியாவும் வெச்சுக்கும். ஸ்லாக்வேரோ 2007-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து, எல்லா ட்ரைவரும் உள்ளேயே இருக்கற ஹியூஜ்னு ஒரு கெர்னலைக் கொடுத்து, மூட்டையே வேண்டாம்னு சொல்லிடுச்சு. பேருக்கேத்த உருவம்.

நான்? பதினஞ்சு வரி இனிட் எழுதினவனாச்சே, எளிமையோட ரசிகனாச்சே. டெபியன் வழக்கமா மோஸ்ட்னுதான் வெச்சிருக்கும். அப்பா லேப்டாப்புல அதை மாத்தி டெப்னு வெச்சு, மூட்டை இளைச்சதைப் பார்த்து மீசையை முறுக்கிக்கிட்டேன். சின்னதா ஆக்கினேன், எளிமையா ஆக்கலை. ரெண்டும் ஒண்ணுன்னு அன்னிவரைக்கும் நினைச்சுக்கிட்டிருந்தேன். எல்லாத்தையும் அடைச்ச தடியன் எந்தப் பொட்டியிலும் ஒரே மாதிரி எழுந்திருப்பான். நான் இளைக்க வெச்ச மூட்டை, செத்துப் போன அந்த மதர்போர்டை மட்டுமே தெரிஞ்சுவெச்சிருந்தது. யு.எஸ்.பி. டிஸ்க்கைப் படிக்கிற மாட்யூல் அதுல இல்லை. கிரப் படிச்சுக் கொடுத்தது, கெர்னல் எழுந்தது, டிஸ்க் எங்கேன்னு அரை நிமிஷம் தேடிச்சு, திண்ணையில உக்காந்துடுச்சு.

யோசிச்சேன். சாட்டா ட்ரைவர் அந்த மூட்டையில இருக்கு, பழைய லேப்டாப்புல டிஸ்க் அப்படித்தானே இருந்தது. அப்படின்னா...

"அப்பா, ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

"பெயிண்ட் கடையில இல்லாமயா?"

"அண்ணாச்சிகிட்ட கேளுங்க, அவர் லேப்டாப்பைத் திறக்கலாமான்னு. உள்ள இருக்கற அவர் டிஸ்க்கைப் பத்திரமாக் கழட்டி வெச்சுட்டு, டப்பாவுல இருக்கற நம்ம டிஸ்க்கை அங்க சொருகணும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு. அண்ணாச்சி குரல்: "செய்யுங்க தம்பி, நாளைக்குக் காலைல எனக்குத் திரும்ப வேணும், அவ்வளவுதான்." வீடியோ கால்ல ஒவ்வொரு ஸ்க்ரூவா, எது எங்கேருந்து வந்ததுன்னு நியூஸ்பேப்பர்ல வட்டம் போட்டு அதுமேல வைக்கச் சொன்னேன். அப்பாவே அதுக்கு நம்பர் எழுதிக்கிட்டார். பதினொன்னேகாலுக்கு மூடி போட்டாச்சு. ஆன் பண்ணினார். ரெண்டு பக்கமும் யாரும் பேசலை.

"வந்துருச்சுப்பா. நம்ம முருகன் படம் வந்துருச்சு."

ஷீட்டை ஒரு பென் டிரைவ்ல எடுத்து, மறுநாள் காலை ஆடிட்டர்கிட்ட கொடுத்து, மத்தியானத்துக்குள்ள தாக்கல் முடிஞ்சது. அண்ணாச்சியோட டிஸ்க் எட்டு மணிக்கே அதன் இடத்துக்குப் போயிடுச்சு, ஒரு ஸ்க்ரூ மட்டும் மிச்சம் (இன்னும் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேலதான் இருக்கு).

அந்த வார சனிக்கிழமை ஊருக்குப் போனேன். டெப்பை அழிச்சு மோஸ்ட்னு போட்டு மூட்டையை மறுபடி கட்டினேன். அதே யு.எஸ்.பி. டப்பாவுல போட்டு அதே அண்ணாச்சி லேப்டாப்புல சொருகினா, சமத்தா எழுந்துச்சு. அப்பா பின்னாடியே நின்னு பார்த்துக்கிட்டிருந்தார்.

"இப்ப மட்டும் எப்படி வருது?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன், ஃப்ளாப்பியில ஆரம்பிச்சு.

"சரி, ஏன் முன்னாடியே இப்படி வைக்கலை?"

"சின்னதா இருக்கட்டும்னுதான்ப்பா."

"எவ்வளவு மிச்சமாச்சு?"

"முப்பது எம்பி இருக்கும்."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு டிஸ்க் மேல ஒட்டியிருந்த லேபிளைக் கிட்ட வெச்சு, அன்னிக்குப் போன்ல படிச்ச மாதிரியே ஒவ்வொண்ணாப் படிச்சார். "ரெண்டு, நாலு, பூஜ்யம், ஜி, பி."